டெம்ப்ளர் மலாயாவுக்கு எடுத்துச் சென்ற பாடம்

பிரிட்டிஷ் ஜெனரல் ஜெரால்ட் டெம்ப்ளரைப் பற்றி மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப்போரில் அவர் என்ன செய்தார், போர்முனைத் தளபதியாக இருந்தவரை 1952-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவின் ஆட்சித் தலைவராக ஏன் அனுப்பினார்கள், அவர் காலத்தில் அங்கிருந்த தோட்டத் தமிழரின் பாடு எப்படி இருந்தது என்பவை அவை. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக விடை சொல்வதைவிட, அவருடைய வாழ்க்கையின் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போவது நல்லது என்று நினைக்கிறேன். டெம்ப்ளரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இத்தாலியில் அவர் நடத்திய சண்டைகளை எடுத்துக்கொண்டு, அந்த வீரமே மலாயாக் காட்டிலும் வென்றது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலாயாவில் அவர் கையாண்ட வழிகளில் பெரும்பங்கு பீரங்கி முழங்கிய இடங்களில் கற்றதன்று. 1936-இல் பாலஸ்தீனத்திலும், 1945-46-இல் பசியில் கிடந்த ஜெர்மனியிலும், லண்டனில் உளவுத்துறைத் தலைவரின் நாற்காலியிலும் கற்றது.

டெம்ப்ளர் 1898 செப்டம்பரில் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் பிறந்தார். தந்தையும் படை அதிகாரிதான். தந்தை பணிபுரிந்த ராயல் ஐரிஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவிலேயே 1916 ஆகஸ்டில், பதினெட்டு வயது நிறைவதற்கு முன்பே, மகனும் அதிகாரியானார். 1917 இலையுதிர் காலத்தில் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குப் போனார். 1918 மார்ச்சில் ஜெர்மானியர் தொடுத்த பெருந்தாக்குதலில் அவருடைய படைப்பிரிவு பெரும் இழப்பைச் சந்தித்தபோது, தொண்டை அடைப்பான் நோயால் அவர் களத்தில் இல்லை. அந்த நோயே அவர் உயிரைக் காத்தது என்றும் சொல்லலாம். போர் முடிந்தபின் பாரசீகம், ஈராக், எகிப்து என்று பேரரசின் எல்லைகளில் சுற்றினார். 1924 ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்துக்கான பிரிட்டிஷ் அணியில் மாற்று வீரராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

1936-இல் பாலஸ்தீனத்தில் அரபு மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கிருந்த ஒரு பட்டாளத்தின் சிறு பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். அந்தப் பணிக்காக டி.எஸ்.ஓ. என்ற படை அதிகாரிகளுக்கான பதக்கமும் பெற்றார். அங்கே எதிரி சீருடை அணிந்து வரிசையில் நிற்கவில்லை. பகலில் உழுதவன் இரவில் சுட்டான். அவன் யார் என்பது ஊருக்குத் தெரியும், படைக்குத் தெரியாது. பிரிட்டிஷ் நிர்வாகம் அதற்குக் கண்ட மருந்து, ஊரையே பொறுப்பாக்குவது: ஊருக்கு மொத்தமாக அபராதம், வீடு வீடாகச் சோதனை, சில இடங்களில் வீடுகளைத் தகர்ப்பது. பதினாறு ஆண்டுகள் கழித்துத் தஞ்சோங் மாலிமில் நடந்ததைப் பார்க்கும்போது இந்த முன்கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது அவர் உளவுப் பணியில் இருந்தார். 1940 மே மாதத்தில் பிரான்சில் பிரிட்டிஷ் படையின் வலப்பக்கத்தைக் காக்க அவசரமாகத் திரட்டப்பட்ட 'மேக்ஃபோர்ஸ்' என்ற கலவைப் படையில் தலைமை அலுவலராக இருந்து, டன்கர்க் வழியாக நாடு திரும்பினார். 1942-இல் பிரிட்டிஷ் படையிலேயே மிக இளைய லெப்டினன்ட் ஜெனரல் அவர்தான். ஆனால் இங்கிலாந்தில் உட்கார்ந்து படைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. போர்முனையில் ஒரு டிவிஷன் கிடைப்பதற்காகத் தாமே கேட்டுப் பதவியில் ஒரு படி இறங்கி மேஜர் ஜெனரலானார். பதவி ஏறுவதற்குப் பரிந்துரை தேடுவோர் எங்கும் உண்டு. இறங்குவதற்குக் கேட்டவர் அரிது.

1943 அக்டோபரில் இத்தாலியில் 56-ஆவது லண்டன் டிவிஷன் அவரிடம் வந்தது. மோன்டே காமினோ மலைச் சண்டை, 1944 ஜனவரியில் கரில்யானோ ஆற்றைக் கடந்தது, பிப்ரவரியில் அன்சியோ கடற்கரை என்று தொடர்ந்து கடுமையான இடங்களுக்கே அந்த டிவிஷன் அனுப்பப்பட்டது. அன்சியோவில் அருகிலிருந்த 1-ஆவது டிவிஷனின் தளபதி காயமுற்றபோது, சில நாள்கள் இரண்டு டிவிஷன்களையும் டெம்ப்ளரே நடத்தினார். அந்தக் கோடையில் 6-ஆவது கவச டிவிஷனுக்கு மாறிய சில நாள்களிலேயே, அருகில் வந்த ஒரு லாரி கண்ணிவெடியில் சிக்கியதில் முதுகெலும்பு முறிந்தது. அந்த லாரியில் எங்கிருந்தோ எடுத்துவந்த ஒரு பியானோ இருந்தது என்றும் அதுதான் அவர்மேல் விழுந்தது என்றும் படைக்குள் வெகுகாலம் வேடிக்கையாகச் சொல்லி வந்தார்கள். களத்தில் அவருடைய போர் அத்துடன் முடிந்தது. மாவுக்கட்டோடு பல வாரம் படுத்துக் கிடந்தவர், பிறகு எதிரி நாட்டில் மறைமுக வேலை செய்யும் அமைப்பின் ஜெர்மன் பிரிவில் சேர்ந்தார்.

அடுத்து வந்த ஜெர்மன் பணிதான் என் பார்வையில் முதன்மையானது. 1945 மார்ச் முதல் ஓராண்டு, பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் கீழ், பிரிட்டிஷ் கைக்கு வந்த ஜெர்மன் பகுதியின் குடிமை நிர்வாகத்தை டெம்ப்ளர் கவனித்தார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள், இடிந்த நகரங்கள், ஓடாத ரயில்கள், வெட்டப்படாத நிலக்கரி, அடிமை வேலைக்குக் கொண்டுவரப்பட்டு வீடு திரும்ப வழி தெரியாமல் நின்ற அயல்நாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கில். அறுவடைக்கு ஆள் இல்லை என்றதும் பிடிபட்ட ஜெர்மானியப் படைவீரர்களை வயலுக்கு அனுப்பினார்கள். அப்படியும் 1946 வசந்தத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த உணவு சுமார் 1,000 கலோரிக்கு இறங்கியது. கொலோன் நகரம் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்று டெம்ப்ளர் கோபப்பட்டதன் தொடர்ச்சியாகத்தான், 1945 அக்டோபரில் அந்நகர மேயராக இருந்த கான்ராட் அடனாவரை பிரிகேடியர் பாரக்ளஃப் பதவியிலிருந்து நீக்கினார். நான்கு ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமராக வந்த மனிதரை, இடிபாடு அள்ளத் தெரியாதவர் என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். டெம்ப்ளரின் குணத்தில் இருந்த அவசரத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அந்த ஓராண்டில் அவர் ஒன்றைக் கைப்பழக்கமாகவே கற்றுக்கொண்டார்: அரிசி அல்லது ரொட்டி யார் கையில் போகிறது, அடையாளச் சீட்டு யாரிடம் இருக்கிறது, ஊர்க்குழுவில் யார் உட்காருகிறார் என்பவை பட்டாளத்தின் துப்பாக்கிக்குச் சமமான கருவிகள். 1946 முதல் 1948 வரை இராணுவ உளவுத்துறையின் தலைவராக இருந்தபோது, தகவலின் மதிப்பையும் சேர்த்துக் கற்றார்.

இனி மலாயா. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. எதிரே இருந்தது மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி. அதன் படையில் பெரும்பாலோர் சீனர்கள், அவர்களில் பலர் ஜப்பானியருக்கு எதிராகப் பிரிட்டிஷாரோடு தோளோடு தோள் நின்று போராடியவர்கள். கட்சியின் தலைவர் சின் பெங்குக்கு அந்தப் பணிக்காகப் பிரிட்டிஷ் அரசே ஒரு விருதும் அளித்திருந்தது. காட்டோரத்தில் நிலத்தை ஆக்கிரமித்துக் குடிசை போட்டிருந்த சீனக் குடியானவர்களிடமிருந்து கொரில்லாக்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தொடர்பை அறுக்க, இந்தியப் படையில் அனுபவம் பெற்ற ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் 1950-இல் ஒரு திட்டம் வகுத்தார்: சுமார் ஐந்து இலட்சம் பேரை முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றுவது. டெம்ப்ளர் வந்திறங்குமுன்பே அந்தக் குடியேற்றத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. மலாயாவைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி மறக்கும் செய்தி இது.

1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குப் போகும் வழியில் ஹை கமிஷனர் என்ற பெயரில் ஆட்சித் தலைவராக இருந்த ஹென்றி கர்னி பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி காருக்குள் இருக்க, அவர் கதவைத் திறந்துகொண்டு சாலையோரமாக நடந்தார், அங்கேயே விழுந்தார். அதே மாதம் லண்டனில் ஆட்சியும் மாறியது. புதிய குடியேற்ற நாட்டு அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் நேரில் வந்து பார்த்தபோது கண்டது, படை ஒரு பக்கமும் சிவில் நிர்வாகம் ஒரு பக்கமும் காவல்துறை இன்னொரு பக்கமுமாக இழுத்துக்கொண்டிருந்த அரசாங்கத்தை. அவருடைய முடிவு: ஆட்சித் தலைவர் பதவியையும் நடவடிக்கைகளை இயக்கும் பதவியையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவது. 1952 ஜனவரியில் ஒட்டாவாவில் டெம்ப்ளரைச் சந்தித்த சர்ச்சில் சம்மதம் தந்தார். உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இதுதான். சண்டை தெரிந்தவர் வேண்டும் என்பதற்காக மட்டும் அவரைத் தேடவில்லை. படையும் அரிசிக்கடையும் பள்ளிக்கூடமும் ஒரே மேசையில் வந்து சேரும் ஒரு நிர்வாகத்தை ஏற்கெனவே நடத்திப் பார்த்தவர் அவர். அவருக்குத் துணையாக வந்த டொனால்டு மெக்கில்லிவ்ரே சிவில் அதிகாரி. டெம்ப்ளருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவரும் அவரே. புறப்படுமுன் டெம்ப்ளர் லண்டனிடம் ஒரு கொள்கை ஆணையை எழுதி வாங்கிக்கொண்டார்: மலாயா உரிய காலத்தில் தன்னாட்சி பெற்ற நாடாக வேண்டும் என்பது அதன் சாரம். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் பதவியேற்றதும் அதையே பகிரங்கமாக அறிவித்தார்.

ஒன்றரை மாதத்தில் தஞ்சோங் மாலிம் வந்தது. கோலாலம்பூருக்கு வடக்கே, சிலாங்கூரும் பேராவும் சந்திக்கும் இடத்தில் உள்ள சிற்றூர் அது. மார்ச் 25 அன்று, அறுக்கப்பட்ட குடிநீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவைக் கொரில்லாக்கள் மறித்துச் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தனர். இறந்தவர்களில் உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னரும் ஒருவர். இரண்டாம் உலகப்போரின்போது, மரக்குதிரை ஒன்றின் மறைவில் சுரங்கம் தோண்டி ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து தப்பிய மூவரில் ஒருவர் அவர். அங்கிருந்து தப்பியவர் இந்தக் காட்டோரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்க்காக உயிர்விட்டார்.

இரண்டு நாள் கழித்து டெம்ப்ளர் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் சில நூறு பேரைக் கூட்டி உட்காரவைத்து, கோழைகள் என்று நெடுநேரம் ஏசினார். பிறகு தண்டனை அறிவிக்கப்பட்டது. நாளுக்கு இருபத்திரண்டு மணி நேர ஊரடங்கு, கடைகள் இரண்டு மணி நேரம் மட்டுமே திறக்கும், யாரும் ஊரைவிட்டு வெளியேற முடியாது, பள்ளிகள் மூடப்பட்டன, பேருந்துகள் நின்றன, அரிசிப் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதன்பின் வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. கொரில்லாக்களைப் பற்றியும் அவர்களுக்கு உதவுவோரைப் பற்றியும் தெரிந்ததை, பெயர் போடாமல் எழுதலாம் என்றது அது. நிரப்பிய தாள்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போயின. ஊரிலிருந்து வந்த பிரதிநிதிகளின் கண்ணெதிரே டெம்ப்ளரே பெட்டிகளைத் திறந்து தாள்களைப் படித்தார். காவல்நிலைய வாசலில் நின்று துப்புச் சொன்னவன் அடுத்த நாள் பிணமாவான் என்பது ஊருக்குத் தெரியும். எல்லா வீட்டுக்கும் தாள் போய், எல்லா வீட்டிலிருந்தும் தாள் வந்தால், எழுதியவன் யார் என்பது யாருக்கும் தெரியாது. அதன் அடிப்படையில் சுமார் நாற்பது பேர் கைதானார்கள். இரண்டு வாரத்தில் ஊரடங்கு நீங்கியது.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு வேறு மனிதர்கள் தெரிகிறார்கள். அரிசியைப் பாதியாக வெட்டி ஊரையே தண்டித்தவர் பாலஸ்தீனத்தில் பழகியவர். பெட்டியும் தாளும் வைத்து அச்சத்தின் கணக்கைப் புரிந்துகொண்டவர் உளவுத்துறையில் பழகியவர். முதல் வழிக்குப் பிரிட்டனிலேயே கடும் கண்டனம் எழுந்தது. ஆகஸ்டில் பெர்மாத்தாங் திங்கியில் ஒரு கொலைக்குப் பின் வாய்திறக்காத ஊர்மக்களை மொத்தமாகத் தடுப்புக்காவலில் வைத்து ஊரை இடித்துத் தள்ளியபோதும் அதே வழிதான் தொடர்ந்தது. ஆனால் நிலைத்துப் பயன் தந்தது இரண்டாவது வழி. காவல்துறையில் உளவு பார்க்கும் சிறப்புப் பிரிவைக் குற்றப் புலனாய்விலிருந்து பிரித்தது, உளவு வேலைகளுக்கு ஒரே இயக்குநரை வைத்தது, லண்டன் நகரக் காவல் ஆணையராக இருந்த ஆர்தர் யங்கை வரவழைத்துக் காவலரின் நடத்தையை மாற்ற முயன்றது ஆகியவையே கொரில்லாப் படையை உள்ளிருந்து கரைத்தன. சின் பெங்கை உயிரோடு பிடிக்க 2,50,000 மலாயா டாலர் பரிசு அறிவித்தார்; பிணமாகக் கொண்டுவந்தால் பாதி. பரிசை வாங்க யாரும் வரவில்லை. ஆனால் சின்னத் தொகைகளுக்குச் சரணடைந்து, பழைய தோழர்கள் இருந்த இடத்தைக் காட்டியவர்கள் பலர்.

மலாயாவில் வெகுநாள் உலவிய ஒரு கதையும் உண்டு. உண்மையோ இட்டுக்கட்டோ, ஆளைக் காட்டுகிறது. ஒரு புதுக்கிராமத்தில் டெம்ப்ளர், நீங்கள் எல்லாரும் தேவடியா மக்கள், என்னால் உங்களைவிடப் பெரிய தேவடியா மகனாக இருக்க முடியும் என்று ஆங்கிலத்தில் கத்தினாராம். மொழிபெயர்ப்பாளர் பணிவாகச் சீனத்தில், உங்கள் பெற்றோர் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று ஜெனரல் சொல்கிறார், தம் பெற்றோரும் அப்படித்தான் என்கிறார் என்று எடுத்துரைத்தாராம். கெட்ட வார்த்தை சொல்வதில் அவர் தாராளம்; கோபமும் உண்மையானது. அதே நாக்கு, ஆசியரை உறுப்பினராகச் சேர்க்காத ஐரோப்பியர் மனமகிழ் மன்றங்களின் மீதும் பாய்ந்தது.

தோட்டத் தமிழர்களைப் பற்றி ஆங்கில நூல்களில் ஓரிரு வரிக்குமேல் கிடைப்பதில்லை; ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் கால வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். இடதுசாரித் தொழிற்சங்கங்களை அரசு நசுக்கியதும், 1949 மே 3-இல் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டதும், மறுநாள் கோலாலம்பூரின் புடு சிறையில் இன்னொரு தலைவரான எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டதும் டெம்ப்ளர் வருவதற்கு மூன்றாண்டு முன்பு நடந்தவை. சிலர் இவற்றை அவர் கணக்கில் எழுதுகிறார்கள், அது தவறு. அவர் வந்தபோது தோட்டங்களில் அந்த அச்சம் ஏற்கெனவே குடியேறியிருந்தது.

புதுக்கிராமங்கள் பெரும்பாலும் சீனருக்கானவை என்றால், தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் நடந்தது வேறு வகைக் குடிபெயர்ப்பு. சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, தோட்டத்தின் நடுவே ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் வேலி போட்டுக் காவல் வைத்தார்கள். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பத்தினர் இப்படி இடம் மாறினர். இரப்பர்த் தோட்டத் தமிழர் அதில் பெருந்தொகையினர். பால்வெட்டுக்காரருக்குக் காலம்தான் எல்லாம். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஊரடங்கு நீங்கிக் கேட் திறந்து, சோதனை முடிந்து, மரத்தடிக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிடும். உணவுக் கட்டுப்பாடு இருந்த வட்டாரங்களில் பகல் சோற்றைக் கட்டிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள். கடையில் டின் உணவு வாங்கினால் அங்கேயே துளை போட்டுக் கொடுப்பார்கள், காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாதபடி. அந்தப் பக்கம் கொரில்லாக்கள் இரப்பர் மரங்களைச் சிதைத்துத் தோட்டத்தை முடக்கப் பார்த்தார்கள். மரம் செத்தால் முதலில் கூலி இழப்பவர் வெட்டுக்காரர்தான். இரண்டு பக்கமும் அவரிடம் அரிசியையும் செய்தியையும் கேட்டன. 1951-க்குப் பின் இரப்பர் விலை விழுந்து கூலியும் இறங்கியது இதோடு சேர்ந்துகொண்டது.

அரசுக்கு இணக்கமான தொழிற்சங்கங்கள் வளர்வதை டெம்ப்ளர் நிர்வாகம் விரும்பியது, பி. பி. நாராயணன் முன்னின்று நடத்திய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவாகிற்று. 1952-இல் குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டதில் சீனரோடு இந்தியரும் பலனடைந்தனர். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: புதுக்கிராமத்துச் சீனருக்கு நிலப்பட்டா, பள்ளி, மருத்துவமனை என்று அரசு கொடுக்க முனைந்த அளவு, தோட்டத் தமிழருக்குக் கொடுக்கவில்லை. லயம் தோட்ட முதலாளியின் சொத்து. அங்குள்ள வீடு, பள்ளி, தண்ணீர் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. மக்களின் மனத்தை வெல்ல வேண்டும் என்று டெம்ப்ளர் சொன்னதில், மனம் ஏற்கெனவே ஆபத்தில்லை என்று கருதப்பட்டவர்களுக்குப் பங்கு குறைவாகவே கிடைத்தது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பட்டா இல்லாத குடும்பங்கள் வெளியேறியதற்கு இதுவும் ஒரு வேர் என்பது என் எண்ணம்.

1954 மே இறுதியில் அவர் புறப்பட்டபோது கொரில்லாக்களின் எண்ணிக்கை உச்சக் காலத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதல் வெள்ளைப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அங்கே உணவுக் கட்டுப்பாடும் ஊரடங்கும் நீங்கின. அடங்கினால் இது கிடைக்கும் என்று பக்கத்து ஊர்கள் கண்ணால் பார்க்க வைத்த இந்த ஏற்பாடு, தஞ்சோங் மாலிமின் தண்டனையைவிட நெடுநாள் நின்றது. எல்லாப் புகழையும் அவருக்கே தருவது சரியன்று. குடியேற்றம் பிரிக்ஸின் திட்டம். 1951 அக்டோபரிலேயே கம்யூனிஸ்டுக் கட்சி பொதுமக்கள் மீதான தாக்குதல்களைக் குறைக்கத் தன் உறுப்பினர்களுக்கு ஆணையிட்டிருந்தது. கொரியப் போரால் உயர்ந்த இரப்பர், ஈய விலை அரசின் கருவூலத்தை நிரப்பியிருந்தது. அவர் செய்தது, கிடந்த இயந்திரத்தைக் கையால் சுழற்றி ஓடவைத்தது. அவசரகாலம் முடிந்துவிட்டது என்று எவனாவது சொன்னால் அவனைச் சுடுவேன் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். அது முறைப்படி முடிந்தது 1960 ஜூலை 31-இல்தான். அதற்குள் சுமார் 6,700 கொரில்லாக்களும், அரசுத் தரப்பில் 1,800-க்கும் மேற்பட்ட படையினரும் காவலரும், 2,400-க்கும் மேற்பட்ட பொதுமக்களும் இறந்திருந்தனர்.

மலாயாவில் அவர் வென்றதற்குக் காரணம் தனிமனிதத் திறமையா, பதவியின் அதிகாரமா என்று தனியாகவும் கேட்டிருந்தீர்கள். அதற்கு 1955 டிசம்பரில் அம்மானில் நடந்ததையே காட்டுவேன். பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதியாகப் போன டெம்ப்ளர், பிரிட்டனும் அதன் மேற்காசிய நண்பர்களும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தமான பாக்தாத் உடன்படிக்கையில் ஜோர்டானைச் சேர்க்க அங்கே ஒரு வாரம் பேச்சு நடத்தினார். அதே குரல், அதே பொறுமையின்மை. ஆனால் அரிசிப் பங்கு அவர் கையில் இல்லை. ஊரடங்கு போட அவருக்கு உரிமை இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த அமைச்சர்கள் அவர் நியமித்தவர்கள் அல்லர். அமைச்சர்கள் பதவி விலகினர், அரசு கவிழ்ந்தது, தெருக்களில் கலவரம் வெடித்தது. அவர் வெறுங்கையோடு லண்டன் திரும்பினார். மூன்று மாதத்துக்குள், ஜோர்டான் படைக்குத் தலைமை தாங்கிவந்த பிரிட்டிஷ் ஜெனரல் கிளப்பை மன்னர் ஹுசைன் பதவிநீக்கி நாட்டைவிட்டே அனுப்பினார்.